“கண்ணில் கோளாறு இல்லை, வயதுதான் கடந்துவிட்டது” – மூளையில் அப்படி எதுதான் கடந்து போகிறது?

#1 அரைப்பார்வை

எனக்கு வலது கண் சோம்பேறிக் கண். ஒன்பது வயதில் பள்ளியில் கண் பரிசோதனைக்கு வரிசையில் நிறுத்தியபோதுதான் தெரிந்தது. அதுவரை இடது கண்ணே எல்லா வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தது, எனக்கே தெரியாது. கண்ணாடி போட்டார்கள், நல்ல கண்ணை மறைத்து ஒட்டினார்கள். நான் அதைக் கழற்றிப் புத்தகப் பையில் போட்டுவிடுவேன், அது வேறு கதை. கடைசியாகப் பார்த்த மருத்துவர் சொன்னதுதான் தலைப்பில் இருக்கும் வாக்கியம்.

இப்போது எனக்கு 34. வீட்டில் ஏழு மாதப் பெண் குழந்தை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற இரவுகளில் செல்பேசியில் எதையாவது படிப்பேன். புலன்கள் உருவாகும் காலத்தில் காபா, செரோடோனின், அசிட்டைல்கோலின் போன்ற ரசாயனங்கள்தான் மூளையில் வேலை நடத்துகின்றன என்று ஒரு கட்டுரையில் இருந்தது. எனக்குத் தெரிந்து டோபமின் என்றால் செல்பேசிப் பழக்கம், செரோடோனின் என்றால் மனச்சோர்வு. இவற்றுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு “வயது கடந்தது” என்றார்களே, அப்போது மூளையில் எது தீர்ந்து போயிருக்கும்?

#2 சும்மாபார்த்தேன்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று அந்தக் காலத்திலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். இழையை மூடிவிடலாம்.

#3 மீசைஎலி

மூட வேண்டாம், கேள்வி நல்ல கேள்வி. அந்தப் பழமொழியை இந்த இழை முடிவதற்குள் கொஞ்சம் வளைத்துப் பார்க்கலாம்.

எது தீர்ந்து போனது என்று கேட்கிறீர்கள். எதுவும் தீரவில்லை, புதிதாகச் சில வந்து சேர்ந்திருக்கின்றன. இதை ஏற்றுக்கொள்ள எனக்கே நாள் பிடித்தது. (ஆறு வருடம் ஆய்வுக்கூடத்தில் எலிக்குட்டிகளின் மீசையோடு குடும்பம் நடத்தினேன். இப்போது வேறு வேலை. பெயர் மட்டும் மிச்சம்.)

பழைய கதையிலிருந்து வருகிறேன். 1960களில் டேவிட் ஹியூபல், டோர்ஸ்டன் வீசல் என்ற இருவர் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மட்டும் இமையைத் தைத்து மூடி வைத்தார்கள். சில வாரம் கழித்துத் திறந்தால் கண் பழுதில்லாமல் இருந்தது, விழித்திரையும் வேலை செய்தது. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் ஏறக்குறைய இல்லை. அவற்றின் இடத்தைத் திறந்திருந்த கண் எடுத்துக்கொண்டது. வளர்ந்த பூனையில் இதையே எத்தனை மாதம் செய்தாலும் ஒன்றும் ஆகவில்லை. குட்டியில், பிறந்து நாலைந்து வாரம் இருக்கும்போது, மூன்று நான்கு நாள் மூடினாலே போதும். 1981இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. உங்கள் வலது கண்ணுக்கும் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். யாரும் தைக்கவில்லை, மங்கலான படம்தான் தையலின் வேலையைச் செய்தது.

இதை ‘கிரிட்டிகல் பீரியட்’ என்பார்கள். நான் பதியும் பருவம் என்று எழுதுகிறேன்.

ஆனால் அந்தப் பருவம் ஏன் தொடங்குகிறது, ஏன் முடிகிறது? ஹியூபலும் வீசலும் விட்டுவைத்த இந்தக் கேள்விக்குள்தான் நீங்கள் படித்த ரசாயனங்கள் வருகின்றன. குழந்தை மூளையில் தூண்டும் ரசாயனம், அதாவது குளூட்டமேட், ததும்பிக் கிடக்கிறது, அதனால்தான் எல்லாம் பதிகிறது, பிறகு வற்றிவிடுகிறது என்று நினைக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். 1998இல் தக்காவோ ஹென்ஷும் கூட்டாளிகளும் செய்த சோதனை அதைக் கவிழ்த்துவிட்டது. காபா என்பது மூளையின் முக்கியமான அடக்கும் ரசாயனம். அதைச் செய்யும் நொதிகளில் ஒன்று இல்லாத சுண்டெலிகளில் பதியும் பருவம் வரவே இல்லை. ஒரு கண்ணை மூடினாலும் மூளை அசைந்து கொடுக்கவில்லை. பிறகு டயசிபாம் கொடுத்தார்கள். ஆமாம், பதற்றத்துக்குத் தரும் அதே மருந்துதான், காபாவின் கையை வலுப்படுத்தும். உடனே பருவம் தொடங்கிவிட்டது. பின்னால் செய்து பார்த்ததில், அதே எலிகள் வளர்ந்த பிறகு கொடுத்தாலும் தொடங்கியது. அந்த எலிகளின் மூளை அத்தனை நாளும் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது!

#4 அரைப்பார்வை

ஒரு நிமிடம். அடக்குகிற ரசாயனம் எப்படிக் கதவைத் திறக்கும்? தூங்க வைக்கிற மருந்தைக் கொடுத்தால் கற்றுக்கொள்ளும் என்பது போல இருக்கிறதே.

#5 மீசைஎலி

எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். காபா வெளியிடும் செல்களில் பல வகை உண்டு. ஒரு வகைக்கு பார்வால்புமின் செல்கள் என்று பெயர், மிக வேகமாகச் சுடுபவை, அதாவது மின் துடிப்புகளை அனுப்புபவை. தாளம் போடுகிற ஆளைப் போல வைத்துக்கொள்ளுங்கள். தாளம் இல்லாதபோது இரண்டு கண்ணிலிருந்தும் எது எப்போது வந்தாலும் பெறும் செல்லுக்கு எல்லாம் இரைச்சல். தாளம் கட்டியதும் எது ஒன்றாக வந்து விழுகிறது, எது தப்பி விழுகிறது என்பது தெரியத் தொடங்கும். தெளிவான கண்ணின் செய்திகள் ஒன்றோடொன்று பொருந்தி வரும், மங்கலான கண்ணுடையவை சிதறி வரும். சிதறி வருபவை மெல்ல இடத்தை இழக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவே முதலில் அடக்கம் தேவைப்படுகிறது.

இந்தத் தாளக்காரரை வேகமாக முதிரச் செய்யும் வளர்ச்சிப் புரதம் ஒன்று உண்டு, பிடிஎன்எஃப். எலிகளில் அதைக் கூடுதலாகச் சுரக்கச் செய்தபோது பருவம் முன்னதாகவே தொடங்கி முன்னதாகவே முடிந்தது. குட்டிகளை முழு இருட்டில் வளர்த்தால் எதிர்மாறு: தாளக்காரர் முதிர மாட்டார், பருவம் தள்ளிப்போகும். பிறந்து எத்தனை நாள் என்பதோடு, கண்ணுக்குள் என்ன வந்தது என்பதையும் மூளை கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

#6 கறார்

மீசைஎலி சொன்னது சரி, ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல்தான் சரி. “காபா என்பது அடக்கும் ரசாயனம்” என்று பொதுவாக எழுதினால் என் பேராசிரியர் மதிப்பெண்ணில் பாதியைக் குறைப்பார்.

இளம் நரம்புச் செல்லின் உள்ளே குளோரைடு என்ற எதிர்மின் துகள்கள் நிறைய இருக்கும். காபா வந்து செல்லின் சுவரில் உள்ள வாயிலைத் திறந்தால் குளோரைடு வெளியே போகும், செல் தூண்டப்படும் திசையில் நகரும். முதிர்ந்த செல்லில் குளோரைடு குறைவு. அதே காபா, அதே வாயில், ஆனால் இப்போது குளோரைடு உள்ளே வரும், செல் அடங்கும். இந்த மாற்றத்துக்குக் காரணம் இரண்டு பம்புகள். குளோரைடை உள்ளே ஏற்றும் என்கேசிசி1 இளமையில் ஓங்கியிருக்கும், வெளியே இறைக்கும் கேசிசி2 பிறகு வந்து பொறுப்பேற்கும். எலிகளில் பிறந்த பின் முதல் இரண்டு வாரத்துக்குள் இது பெரும்பாலும் நடந்து முடிகிறது. யெஹெஸ்கேல் பென்-அரி குழு 1989இல் பிறந்த எலிக்குட்டிகளின் மூளையில் காபாவால் எழும் பெரிய மின் அலைகளைக் காட்டியதிலிருந்து இந்த விஷயம் சூடு பிடித்தது.

இன்னொன்று. பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து வரும் ஆக்சிடோசின், எலிக்குட்டியின் மூளையில் காபாவைத் தற்காலிகமாக அடக்கும் பக்கத்துக்குத் திருப்புகிறது என்று 2006இல் கண்டார்கள். பிரசவத்தின்போது ஆக்சிஜன் தட்டுப்பாடு வரலாம், அந்த நேரத்தில் செல்கள் அமைதியாக இருந்தால் சேதம் குறைவு. பிறந்த பிறகு பழையபடி திரும்பிவிடும்.

#7 சும்மாபார்த்தேன்

அதாவது குழந்தையின் வண்டியில் பிரேக்கை மிதித்தால் வண்டி ஓடும், பெரியவன் மிதித்தால் நிற்கும். யார் வடிவமைத்தது இதை?

#8 கறார்

முழுக்க ஓடும் என்றும் சொல்ல முடியாது. உயிருள்ள எலிக்குட்டிகளின் மூளையின் மேலடுக்கான புறணியில் நேரடியாக அளந்தபோது, காபா தனிச் செல்லைத் தூண்டும் பக்கம் தள்ளினாலும் மொத்தக் கூட்டத்தை அடக்கவே செய்தது என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. வெட்டி எடுத்த மூளைத் துண்டில் பார்த்தது ஒன்று, உயிரோடு இருக்கும் மூளையில் பார்த்தது இன்னொன்று. இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை, எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் உண்டு.

சண்டை ஏட்டோடு நிற்கவில்லை. பச்சிளம் குழந்தைகளுக்கு வலிப்பு வந்தால் பீனோபார்பிட்டால் கொடுப்பார்கள், அது காபா வழியாக வேலை செய்வது. காபா இன்னும் திசை மாறாத மூளையில் அது சரியாக அடக்காமல் போகலாம் என்று நினைத்து, குளோரைடு ஏற்றும் பம்பைத் தடுக்கும் புமெட்டனைடு என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அது சிறுநீர் கூடுதலாகப் போகத் தரும் பழைய மருந்து. ஐரோப்பாவில் நடந்த அந்தச் சோதனையை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. வலிப்புக்குப் பலன் தெரியவில்லை என்பதோடு, சில குழந்தைகளுக்குக் கேட்கும் திறன் பாதிக்கப்பட்டது. உள்காதின் திரவத்தைச் சரியான உப்பு அளவில் வைத்திருப்பதும் அதே என்கேசிசி1 பம்ப்தான். மூளையில் ஒரு பம்பை மூடப் போய்க் காதில் கை வைத்த கதை. ஆட்டிசத்துக்கும் இதே மருந்தை எதிர்பார்ப்போடு சோதித்தார்கள், 2021இல் மூன்றாம் கட்டத்தில் பலனில்லை என்று கைவிட்டார்கள்.

“ரசாயனம் தெரிந்துவிட்டது, மருந்து கொடுத்தால் போச்சு” என்று இனி வரப்போகிறவர்களுக்காக இதை இப்போதே எழுதி வைக்கிறேன்.

#9 ஒலிப்பதிவு

காது என்றதும் வந்துவிட்டேன். கேட்கும் திறன் பரிசோதிப்பது என் தொழில்.

வெளிச் சத்தம் எதுவும் எட்டாத நாளிலேயே காது மூளையோடு பேசத் தொடங்கிவிடுகிறது. எலிக்குட்டி பிறந்து பன்னிரண்டு நாள் போலச் செவிடாகத்தான் இருக்கும். அந்த நாட்களில் உள்காதின் துணைச் செல்கள் தாமாகவே ஏடிபி என்ற மூலக்கூறை விட்டுவிட்டு வெளியிடும். அது சத்தத்தை உணரும் உரோமச் செல்களைத் தட்டி எழுப்பும், செவி நரம்பு சரசரவென்று சுடும். செல்லுக்குள் ஆற்றல் நாணயமாகப் புழங்கும் அதே ஏடிபி இங்கே தூது போகிறது. சத்தமே இல்லாத கச்சேரி! பக்கத்துப் பக்கத்து இழைகள் ஒன்றாகச் சுடுவதால் மூளைக்குள் சுருதி வாரியான வரைபடம் முன்கூட்டியே கோடு போட்டு வைக்கப்படுகிறது.

மனிதக் குழந்தை கருப்பையில் ஏறத்தாழ 25 வாரத்திலிருந்து சத்தத்துக்கு அசையத் தொடங்கும். அதனால் பிறக்கும்போதே தாயின் குரல் பழகிய குரல்.

பிறந்த பிறகு நடப்பது இன்னும் சுவாரசியம். ‘த’வுக்கும் ‘ட’வுக்கும் உள்ள வேறுபாடு நமக்குச் சர்வ சாதாரணம். ஆங்கிலம் பேசுகிற பெரியவர்களில் பலருக்கு இரண்டும் ஒரே ஒலி. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியில் உள்ள இந்த இரண்டு ஒலிகளையும் கேட்க வைத்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகள் அழகாகப் பிரித்தறிந்தார்கள். 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறன் ஏறக்குறையப் போய்விட்டது. காதில் குறை எதுவும் வரவில்லை. தன்னைச் சுற்றிப் பேசப்படுவதில் கூர்மையாக, பேசப்படாததை மூளை கைவிட்டிருக்கிறது.

இதிலும் ரசாயனத்தின் கை இருக்கிறதா என்று பார்த்தார்கள். 2012இல் வெர்க்கர், ஹென்ஷ் உள்ளிட்டோர் (மீசைஎலி சொன்ன அதே ஹென்ஷ்) கர்ப்ப காலத்தில் செரோடோனினைக் கூட்டும் மனச்சோர்வு மருந்து எடுத்த தாய்மாரின் குழந்தைகளைச் சோதித்தார்கள். அவர்களிடம் பிறமொழி ஒலியைக் கைவிடும் இந்த மாற்றம் முன்னதாகவே வந்திருந்தது. மனச்சோர்வு இருந்தும் மருந்து எடுக்காத தாய்மாரின் குழந்தைகளிடம் அது தாமதமானது, 10 மாதத்திலும் அவர்கள் பிறமொழி ஒலியைப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் அசைகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

#10 மட்டுறுத்துநர்

மேலே உள்ளதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தை நிறுத்த வேண்டாம். கர்ப்ப காலத்தில் மனச்சோர்வைக் கவனிக்காமல் விடுவதும் தாய்க்கும் குழந்தைக்கும் கெடுதல். உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். மருந்தளவு கேட்டு வரும் பதிவுகள் நீக்கப்படும்.

#11 ஒலிப்பதிவு

நன்றி, நான் எழுதியிருக்க வேண்டியது. பருவம் சில வாரம் முன்பின் நகர்ந்தது என்பது வேறு, குழந்தைக்குக் குறை என்பது வேறு. அந்த ஆய்வு குறை எதையும் சொல்லவில்லை.

#12 நிலாமுற்றம்

நீண்ட நாளாகப் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை.

என் மகன் 29 வாரத்தில் பிறந்தான். ஏழு வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். எந்த நேரமும் வெளிச்சம், எந்த நேரமும் ஏதாவது ஓர் இயந்திரம் கூவும். குதிகாலில் எத்தனை முறை ஊசி குத்தினார்கள் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். கருப்பையில் இருட்டில் இருந்திருக்க வேண்டிய நாட்கள் அவை. “பதியும் பருவம்” என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அவனுக்குள் என்னவெல்லாம் பதிந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இப்போது அவனுக்கு மூன்று வயது. நன்றாகத்தான் இருக்கிறான், ஆனால் சட்டையின் கழுத்துப் பட்டி உரசினாலே அழுவான்.

#13 மீசைஎலி

நிலாமுற்றம், அவனைப் பார்க்காமல் அவனைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது. அந்தச் சட்டை விஷயத்தைக் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள், வளர்ச்சிப் பரிசோதனையில் அதற்கும் இடம் உண்டு. எனக்குத் தெரிந்த தொடுவுணர்வைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வலியைப் பற்றி முதலில். பச்சிளம் குழந்தைக்கு வலி சரியாகத் தெரியாது என்ற நம்பிக்கையில், 1980கள் வரை பல இடங்களில் மிகக் குறைந்த மயக்க மருந்தோடு, சில சமயம் அதுவும் இல்லாமல், அறுவை சிகிச்சை செய்தார்கள். 1987இல் கே. ஜே. எஸ். ஆனந்தும் குழுவினரும் குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவையின்போது பென்டனில் என்ற வலி மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்தவர்களுக்கு அழுத்த ஹார்மோன்களின் எழுச்சியும் குறைவு, சிக்கல்களும் குறைவு. அதற்குப் பிறகுதான் மருத்துவ உலகம் மாறியது. உங்கள் மகனுக்கு ஊசி குத்தும்போது நாக்கில் சர்க்கரைக் கரைசல் வைத்திருந்தால், அது அந்த மாற்றத்தின் வழிவந்ததுதான்.

நான் வேலை செய்தது செரோடோனினில். சுண்டெலியின் ஒவ்வொரு மீசை மயிருக்கும் மூளையில் தனித்தனியாக ஒரு பீப்பாய் போன்ற செல் கூட்டம் இருக்கும். வெட்டிச் சாயமேற்றிப் பார்த்தால் முகத்தில் உள்ள அதே வரிசை, அதே எண்ணிக்கை. முதல்முறை நுண்ணோக்கியில் பார்த்தபோது கோலப் புள்ளி என்றுதான் நினைத்தேன். இந்தப் புள்ளிகள் பிறந்த முதல் வாரத்துக்குள் உருவாகிவிடும். செரோடோனினைச் சிதைக்கும் எம்ஏஓ-ஏ என்ற நொதி இல்லாத எலிகளில் செரோடோனின் மிஞ்சிப் போகும், பீப்பாய்கள் உருவாகவே மாட்டா, மொத்தமும் ஒரே தீற்றலாக இருக்கும். பிறந்த முதல் சில நாட்களில் செரோடோனின் உற்பத்தியைத் தடுத்தால் பீப்பாய்கள் திரும்ப வந்துவிடும். அதே சிகிச்சையைப் பிறகு செய்தால் வராது.

அந்த நாட்களில் இன்னொரு விநோதமும் உண்டு. மூளையின் நடுவில் உள்ள தாலமஸிலிருந்து புறணிக்குப் புலன் செய்தி கொண்டு போகும் செல்கள் தாமாகச் செரோடோனின் செய்யத் தெரியாதவை. ஆனால் அந்தச் சில நாட்கள் மட்டும் அதை வெளியிலிருந்து உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பிறகு அந்தப் பழக்கத்தையே விட்டுவிடும். அதற்கும் முன்னால், கருவின் தொடக்க நாட்களில், எலிக் கருவின் முன்மூளைக்குச் செரோடோனின் வருவது தாயின் நஞ்சுக்கொடியிலிருந்து. மனநிலை ரசாயனம் என்று நாம் பெயர் வைத்த பொருள், மனநிலை என்ற ஒன்று வருவதற்கு முன்பே மேஸ்திரி வேலை பார்த்திருக்கிறது.

எலியை வைத்து மனிதக் குழந்தையை அளக்காதீர்கள். எலிக்கு நாள் கணக்கு, நமக்கு மாதக் கணக்கு, வருடக் கணக்கு. நம் பருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு கிடக்கின்றன. ஏழு வாரம் பெரிய நேரம்தான், ஆனால் அவனுடைய முழு நேரம் அதுவல்ல.

#14 நிலாமுற்றம்

சர்க்கரைக் கரைசல் வைத்தார்கள். அது எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, சும்மா இனிப்பு என்றுதான் நினைத்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து மார்பில் போட்டுக்கொள்ள விட்டார்கள். அது பயன்பட்டிருக்குமா?

#15 ஒலிப்பதிவு

கட்டாயம் பயன்பட்டிருக்கும். இப்படி மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு அரவணைப்பை உயிர் காக்கும் சிகிச்சையாகவே இப்போது எண்ணுகிறார்கள். 2021இல் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த சோதனையில், எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே தாயின் மார்பில் வைத்தபோது முதல் 28 நாளில் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. தினம் 8 மணி நேரமாவது என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

#16 கறார்

தாய், மணம், அரவணைப்பு என்றதும் நினைவு வருவது: ரெஜினா சல்லிவனின் எலிக்குட்டி ஆய்வுகள். பிறந்து ஒன்பது பத்து நாளுக்குள் இருக்கும் குட்டிக்கு ஒரு மணத்தைக் காட்டி, கூடவே லேசான மின்னதிர்ச்சி கொடுத்தால், குட்டி அந்த மணத்தை வெறுக்காமல் தேடிப் போகும். வளர்ந்த எலி ஓடிவிடும். குட்டியின் மூளைத்தண்டில் லோகஸ் சீருலியஸ் என்ற சிறு பகுதி நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தை வாரி இறைப்பதுதான் காரணம். அந்த வயதில் அது ஒரே வெள்ளமாக முகர்வுப் பகுதிக்குப் போய் “இந்த மணத்தைப் பிடித்துக்கொள்” என்று பதிய வைக்கிறது. பயத்தைப் பதிய வைக்க வேண்டிய அமிக்டலா இன்னும் களத்தில் இறங்கியிருக்காது. கண் திறக்காத, காது கேளாத குட்டிக்குத் தாய் எப்படிப்பட்டவளாக இருந்தாலும் அவள்தான் கதி. தாய் மேலே மிதித்துவிட்டாள் என்பதற்காக அவள் மணத்தை வெறுத்தால் குட்டி பிழைக்காது.

எனக்கு இது கொஞ்சம் கலக்கமான ஆய்வு. அதற்கு மேல் எழுத மனமில்லை.

#17 தளிர்நடை

எல்லாம் சரி, குழந்தையின் மூளை ரசாயனங்களைக் கூட்டும் சொட்டு மருந்து, இசைத்தட்டு எல்லாம் விற்கிறார்களே? என் அண்ணி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். டோபமின் கூடுமாம்.

#18 கறார்

எட்டாம் பதிவைப் படிக்கவும்.

#19 மீசைஎலி

கறார் ஒரு வரியில் முடித்துவிட்டார், நான் மூன்று வரி தருகிறேன். இந்த இழையில் இதுவரை வந்த எந்தச் சோதனையிலும் “அதிகம்” என்பது “நல்லது” ஆகவில்லை. செரோடோனின் மிஞ்சினால் பீப்பாய் கலைகிறது, பிடிஎன்எஃப் கூடினால் பருவம் சீக்கிரம் மூடிக்கொள்கிறது. அண்ணியிடம் குட்டியோடு பேசச் சொல்லுங்கள், முகத்தைப் பார்த்து, பதில் வரும் வரை காத்திருந்து. அதற்குப் புட்டி வேண்டாம்.

டோபமினுக்கும் புலனுக்கும் உள்ள உறவு கேட்டால் கண்ணுக்குள்ளேயே ஒன்று உண்டு. பிரகாசமான வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் சுரக்கும். கண்பந்து அளவுக்கு மீறி நீளமாக வளர்வதை அது தடுக்கிறது என்று விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. கண்பந்து நீண்டால் கிட்டப்பார்வை. சீனாவில் குவாங்சோ நகரத்தில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குப் பள்ளி நாளில் 40 நிமிடம் வெளியில் கூடுதலாக விட்டார்கள். மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். வெளியே விளையாடுவதற்குக் காசும் இல்லை.

#20 அரைப்பார்வை

எல்லோருக்கும் நன்றி. ஆனால் என் கேள்விக்கு இன்னும் பாதிதான் பதில் வந்திருக்கிறது. கதவு எப்படித் திறக்கிறது என்று புரிந்தது. எப்படி மூடுகிறது? “புதிதாகச் சில வந்து சேர்ந்திருக்கின்றன” என்றீர்களே அக்கா, எவை?

#21 மீசைஎலி

மறக்கவில்லை, குழந்தை தூங்கட்டும் என்று இருந்தேன்.

தாளக்காரச் செல்களைச் சுற்றி வயதாக ஆக ஒரு வலை படியும். சர்க்கரையும் புரதமும் கலந்த வலை. 2002இல் இத்தாலியில் டொமாசோ பிட்சோருசோவின் குழு, வளர்ந்த எலிகளின் பார்வைப் பகுதியில் அந்த வலையை ஒரு நொதியால் கரைத்தது. வயதான மூளை மறுபடியும் குட்டியைப் போல ஒரு கண் மூடியதற்கு அசைந்து கொடுத்தது.

இன்னொன்று லின்க்ஸ்1. அசிட்டைல்கோலின் கவனத்தோடு நெருங்கிய ரசாயனம், “இது முக்கியம், பதிய வை” என்று புறணிக்குச் சொல்வது. பூனைக்குட்டிகளில் அதையும் நார்அட்ரினலினையும் ஒருசேர இல்லாமல் செய்தால் பதிவது குன்றிவிடும் என்று 1986இலேயே காட்டினார்கள். பருவம் முடியும் தறுவாயில் லின்க்ஸ்1 என்ற புரதம் மிகுந்து, அசிட்டைல்கோலினைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகளில் உட்கார்ந்து அதன் குரலைத் தணிக்கிறது. 2010இல் அந்தப் புரதம் இல்லாத சுண்டெலிகளைப் பார்த்தார்கள். வளர்ந்த பிறகும் அவற்றின் பார்வைப் பகுதி வளைந்து கொடுத்தது.

ஆக உங்கள் வலது கண்ணுக்கு உரிய இடம் போன பிறகு, மூளை மெனக்கெட்டுப் பூட்டுகளைச் செய்து மாட்டியிருக்கிறது. கஞ்சத்தனமில்லை, காரணம் இருக்கிறது. தினம் தினம் மாறிக்கொண்டே இருக்கும் பார்வையை வைத்துக்கொண்டு யாரும் படியிறங்க முடியாது.

#22 அரைப்பார்வை

பூட்டு என்றால் சாவி உண்டா? நேராகவே கேட்டுவிடுகிறேன்.

#23 கறார்

எலிக்கு உண்டு. 2008இல் புளூஆக்சிடின் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுத்தே வளர்ந்த எலிகளின் சோம்பேறிக் கண்ணில் பார்வையை மீட்டார்கள். மனிதர்களில் நடந்த சிறு சோதனைகளில் அந்தப் பலன் தெளிவாகத் திரும்ப வரவில்லை. டோபமினாக மாறும் லெவோடோபாவை, 7 முதல் 12 வயதுச் சோம்பேறிக் கண் குழந்தைகளுக்கு நல்ல கண்ணை மறைப்பதோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 2015இல் வந்த முடிவு: வெற்று மாத்திரையை விட மேலில்லை. வலையைக் கரைக்கும் நொதியைக் கண்ணுக்காக எவர் மூளைக்குள்ளும் ஊற்றப் போவதில்லை.

#24 மீசைஎலி

அதே மூச்சில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல கண்ணை விபத்திலோ நோயிலோ இழந்த சில பெரியவர்களுக்குச் சோம்பேறிக் கண்ணின் பார்வை தானாகக் கூடியிருக்கிறது. பூட்டு இருந்ததே தவிர உள்ளே அறை காலியாக இல்லை. சூசன் பேரி என்ற நரம்பியல் பேராசிரியைக்குக் குழந்தைப் பருவம் முதல் மாறுகண். 48 வயதில் கண் பயிற்சி செய்து முதல்முறை ஆழத்தோடு உலகத்தைப் பார்த்தார். பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டத்தில், பிறவிக் கண்புரையோடு வளர்ந்து எட்டு வயதுக்கும் பிறகு அறுவை சிகிச்சை பெற்ற பிள்ளைகள், கையால் தொட்ட பொருளைக் கண்ணால் அடையாளம் காண முதலில் தடுமாறினார்கள். சில நாட்களிலேயே தேறிவிட்டார்கள். கூர்மை முழுதாக வரவில்லை, ஆனால் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள்.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. நல்ல கண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பட்டறை வேலை, பந்தாட்டம் என்றால் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். இப்போதைக்கு உருப்படியான மருத்துவம் அது. அப்புறம், சோம்பேறிக் கண்ணும் மாறுகண்ணும் குடும்பத்தில் வரக்கூடியவை. ஏழு மாதப் பெண்ணை எப்போது கண் மருத்துவரிடம் காட்டப் போகிறீர்கள்?

#25 சும்மாபார்த்தேன்

சரி, பழமொழியைத் திருத்திக்கொள்கிறேன். ஐந்தில் வளையாதது ஐம்பதில் கொஞ்சம் முனகிக்கொண்டு வளையும்.

#26 அரைப்பார்வை

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

காட்டிவிட்டு வந்தோம். மடியில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்து விட்டார்கள், அரை மணியில் பாப்பாவின் கண்மணி விரிந்து கண் முழுக்கக் கறுப்பாகிவிட்டது. இந்த இழை ஞாபகத்தில் எந்த மருந்து என்று கேட்டேன். கண் தசையில் அசிட்டைல்கோலினைத் தடுப்பது என்றார் அந்தப் பெண் மருத்துவர், நான் தலையாட்டியதைப் பார்த்து ஒரு மாதிரி பார்த்தார். பிறகு விளக்கைக் காட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றி அளந்தார்.

இரண்டு கண்ணும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மாறுகண் இல்லை, புரை இல்லை. என் கதையைச் சொன்னதால் ஒரு வயதில் மறுபடி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், அப்புறம் மூன்று வயதில்.

#27 நிலாமுற்றம்

அந்தக் கறுப்புக் கண் எத்தனை நேரத்தில் சரியானது? என் மகனுக்கும் அடுத்த மாதம் பரிசோதனை இருக்கிறது.

#28 அரைப்பார்வை

மறுநாள் காலையில் பழையபடி ஆகிவிட்டது. வெளியே வரும்போது வெயிலுக்குக் கண் கூசும், ஒரு தொப்பி எடுத்துப் போங்கள்.